பேர்ட்ஸ்வில் பாலைவனப் பாட்டு விழா: போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிஸ்பேனிலிருந்து நானும் வீட்டுக்காரரும் இரண்டு முறை, 2019-லும் 2023-லும், பேர்ட்ஸ்வில்லில் நடக்கும் பிக் ரெட் பாஷ் விழாவுக்குப் போய் வந்தோம். அன்றிலிருந்து கோயிலில், பிறந்தநாள் விருந்தில், பள்ளி வாசலில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் அதைப் பற்றிக் கேட்கிறார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த ஊர் எங்கே இருக்கு? அங்கே போய் ஏன் பாட்டுக் கச்சேரி?

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், தெற்கு ஆஸ்திரேலிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது பேர்ட்ஸ்வில். பிரிஸ்பேனிலிருந்து ஏறக்குறைய 1,590 கிலோமீட்டர். ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நூறு பேரை ஒட்டித்தான். 1901-ல் மாநிலங்கள் ஒரே நாடாகச் சேர்வதற்கு முன்னால், எல்லை தாண்டி ஓட்டிப் போகும் மாடுகளுக்குச் சுங்கம் வசூலித்த இடம் இது. 1884-ல் கட்டிய பேர்ட்ஸ்வில் ஹோட்டல் இன்றும் அங்கே நிற்கிறது. இந்த மண்ணின் ஆதிக்குடிகள் வாங்கன்குரு யார்லுயாண்டி மக்கள்.

ஊருக்கு மேற்கே 35 கிலோமீட்டரில் சிம்சன் பாலைவனம் தொடங்குகிறது. அங்கே சுமார் 40 மீட்டர் உயரத்துக்குச் செக்கச்செவேல் என்று ஒரு மணல்மேடு உண்டு. அதற்குத்தான் பிக் ரெட் என்று பெயர். சிறுவயதில் வரும் நீரிழிவு நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட அந்தப் பக்கம் ஒரு பாலைவன ஓட்டப் பந்தயம் நடத்தினார்கள். அதையொட்டி 2013-ல் சின்னதாகத் தொடங்கிய கச்சேரிதான் இந்த விழா. இப்போது பத்தாயிரம் பேர் வரை வருகிறார்கள். மூன்று நாள், ஜூலை தொடக்கத்தில், மணல்மேட்டின் அடிவாரத்தில் மேடை.

ஒவ்வொரு வருஷமும் நடக்குமா?

அப்படி நம்பி லீவு போட்டுவிடாதீர்கள். 2020-ல் கொரோனாவால் நடக்கவில்லை. 2025-ல் அமைப்பாளர்களே ஓர் ஆண்டு இடைவேளை விட்டார்கள். முதலில் விழாவின் இணையதளத்தில் தேதியைப் பார்த்து டிக்கெட்டை வாங்கிவிட்டு, அப்புறம் மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். டிக்கெட் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று 1,590 கிலோமீட்டர் ஓட்டிப் போகாதீர்கள்.

கன்ட்ரி மியூசிக் மட்டும்தானா? நமக்கு அது பிடிக்குமா அக்கா?

கன்ட்ரியும் பழைய ஆஸ்திரேலிய ராக்கும் கலந்துதான் இருக்கும். ஜான் வில்லியம்சன், லீ கெர்னகன், கேஸி சேம்பர்ஸ் போன்ற கன்ட்ரி பாடகர்கள் இங்கே பாடியிருக்கிறார்கள். ஜிம்மி பார்ன்ஸ் போன்ற ராக் பாடகர்களும் வந்திருக்கிறார்கள். முழுக்க முழுக்க கன்ட்ரிதான் வேண்டும் என்றால் நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் டாம்வொர்த்துக்கு ஜனவரியில் போங்கள். அங்கே பத்து நாள் ஊரே பாடும். போக நல்ல தார்ச்சாலை உண்டு, ஆனால் அது பாலைவன ஊர் இல்லை.

பிடிக்குமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய கன்ட்ரி பாட்டு என்பது மாடு ஓட்டிப் போனவன், ஆட்டு ரோமம் வெட்டியவன், மழைக்காகக் காத்திருந்த விவசாயி, லாரி ஓட்டியவன் ஆகியோரின் கதை. ஸ்லிம் டஸ்டி என்ற பாடகர் தன் மனைவி ஜாய் மெக்கீனோடு பல பத்தாண்டுகள் இந்தச் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் வண்டி கட்டிப் போய்ப் பாடினார். பிரிஸ்பேன் வீட்டில் அந்தப் பாட்டுகளைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான்கு நாள் அந்த மண்ணில் பயணம் செய்த பிறகு, வறட்சியைப் பற்றிய ஒரு பாட்டைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வழியில் பார்த்த காய்ந்த ஓடைகளும் ஒற்றை வீடுகளும் பாட்டுக்குள் இருந்தன. விமானத்தில் போய் இறங்குவதைவிட வண்டியில் போங்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

எத்தனை நாள் லீவு போடணும்?

குறைந்தது பதினொரு நாள், பன்னிரண்டு என்றால் நிம்மதி. போக நான்கு நாள், வர நான்கு நாள், விழா மூன்று நாள். இரண்டே நாளில் போய்விடலாம் என்று கூகுள் மேப்பின் மணிக்கணக்கைப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது இரவிலும் ஓட்டினால்தான் முடியும். அங்கே இரவில் ஓட்டவே கூடாது. காரணம் கீழே வருகிறது.

குயின்ஸ்லாந்தில் ஜூலை தொடக்கம் பெரும்பாலும் குளிர்காலப் பள்ளி விடுமுறையோடு சேர்ந்தே வரும். பிள்ளைகளுக்குப் பள்ளி தவறாது.

எந்த வழியா போறது? பெட்ரோல் கிடைக்குமா?

பிரிஸ்பேனிலிருந்து டூவூம்பா, ரோமா, சார்லிவில், குவில்பி, விண்டோரா, பேர்ட்ஸ்வில். நாங்கள் முதல் இரவு ரோமாவைத் தாண்டி மிட்செலில், இரண்டாம் இரவு குவில்பியில், மூன்றாம் இரவு விண்டோராவில் தங்கினோம். விண்டோரா வரை தார்ச்சாலைதான். சில இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம் மட்டுமே இருக்கும். அதற்கு அப்புறம் சுமார் 385 கிலோமீட்டர். தார் விட்டுவிட்டு வரும், மீதி சரளையும் மண்ணும். விண்டோரா பக்கத்தில் கூப்பர் கிரீக் கரையில் ஒரு மாலையாவது உட்காருங்கள். தாம்சன், பார்கூ என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து உருவாவது கூப்பர் கிரீக். இரண்டு ஆறு சேர்ந்த பிறகும் அதற்குப் பெயர் ஓடைதான். எங்களுக்குப் பயணத்திலேயே மிகப் பிடித்த இடம் அது.

அடிலெய்டிலிருந்து வருபவர்கள் மாரீ போய், அங்கிருந்து 517 கிலோமீட்டர் பேர்ட்ஸ்வில் டிராக் வழியாக வரலாம். 1880-களில் மாடுகளை ரயிலடிக்கு ஓட்டிப் போன பாதை அது. அந்தக் காலத்தில் ஒட்டகக்காரர்கள்தான் இந்த நிலத்துக்குச் சரக்கு கொண்டு வந்தார்கள். ஆப்கானியர்கள் என்று எல்லோரையும் ஒரே பெயரில் கூப்பிட்டாலும், அவர்களில் பலர் பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மாரீயில் மண்ணால் ஒரு மசூதி கட்டித் தொழுதார்கள். மவுன்ட் ஐசாவிலிருந்து வருபவர்களுக்கு பூலியா, பெடூரி வழி. ஏறக்குறைய 700 கிலோமீட்டர்.

எரிபொருளுக்கு ஒரே விதி: எந்த பெட்ரோல் பங்க்கைப் பார்த்தாலும் நிரப்புங்கள். "அரை டேங்க் இருக்கே" என்று தாண்டிப் போகாதீர்கள். எங்கள் டீசல் வண்டி நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 13 லிட்டர் குடித்தது. போக வர 3,200 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 416 லிட்டர். கேரவன் இழுத்தால் இன்னும் கூடும். உள்ளே போகப் போக விலையும் ஏறும். 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்ககிட்ட கேம்ரி கார்தான் இருக்கு. போகுமா?

சாலை காய்ந்திருக்கும்போது சாதாரணக் காரில் வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் பதில், வேண்டாம் என்பதே. அடிவயிறு தட்டும், தூசி உள்ளே புகும், மழை பெய்தால் நகராது. தரையிலிருந்து உயரமாக நிற்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் சரி.

வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். பல நிறுவனங்கள் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். மீறினால் காப்பீடு செல்லாது. கண்ணாடி உடைந்தாலும் வண்டி கவிழ்ந்தாலும் முழுச் செலவும் உங்கள் தலையில். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்க்க வந்திருக்கும் உறவினர் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள செல்லுபடியாகும் உரிமம் இருந்தால் சுற்றுலா வந்தவர் குயின்ஸ்லாந்தில் ஓட்டலாம். ஆனால் சரளையில் ஓட்டிப் பழகாதவரிடம் விண்டோராவுக்கு அப்பால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

டயர் டயர்னு எல்லாரும் பயமுறுத்துறாங்களே, நிஜமா?

நிஜம்தான். அந்தச் சாலையில் கிப்பர் என்கிற கூரான கற்கள் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். 2019-ல் விண்டோராவிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குள் எங்கள் பின் டயர் போனது. காற்றைக் குறைக்காமல் தார்ச்சாலையில் வைத்த அளவோடே ஓட்டினோம், அதுதான் தவறு. பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி தங்கள் கேரவனை நிறுத்தி, ஜாக்குக்குக் கீழே வைக்கப் பலகை கொடுத்து, டயர் மாட்டி முடியும் வரை கூடவே நின்றார்கள்.

சரளை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, காற்றை 28–30 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள். உங்கள் வண்டியின் எடையைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம். மணல்மேட்டில் ஏறுவதாக இருந்தால் 16–18 வரை இறக்க வேண்டும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றியாக வேண்டும், அதனால் கம்ப்ரெசர் ஒன்று அவசியம். முழு அளவு ஸ்பேர் டயர் இரண்டு கொண்டு போங்கள். வீட்டு வாசலிலேயே ஒரு முறை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், பெண்களும்தான்.

ராத்திரி ஓட்டினா என்ன ஆகும்?

கங்காரு, மாடு, இமு. மேய்ச்சல் நிலங்களுக்கு வேலி கிடையாது. பொழுது சாயும்போதும் விடியும்போதும் விலங்குகள் சாலைக்கு வரும். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் நிறுத்திவிடுங்கள். பகலிலும் செத்த கங்காருவைத் தின்ன உட்கார்ந்திருக்கும் பெரிய கழுகுகளைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். அவை மெதுவாகத்தான் எழும்பும், சில சமயம் கண்ணாடி மேலேயே மோதும்.

இன்னொன்று ரோட் டிரெயின் என்கிற நீளமான லாரி. 53 மீட்டர் நீளம் வரை, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு எதிரே வரும். ஒற்றைத் தார்ப்பாதையில் அதைப் பார்த்ததும் இடது பக்கம் மண்ணில் முழுதாக இறங்கி நின்று வழி விடுங்கள். தூசி அடங்கும் வரை கிளம்ப வேண்டாம். யு.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 40-ஆம் சேனலில் ஓட்டுநரிடமே பேசிக்கொள்ளலாம்.

போன் வேலை செய்யுமா? வீட்டில அம்மா பயப்படுவாங்க.

ஊர்களுக்குள் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதுவும் கிடைக்காது. விழா நாட்களில் இத்தனை ஆயிரம் பேர் சேரும்போது சிக்னலை நம்ப முடியாது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் கிளம்பும்போது, "இன்றைக்கு இத்தனை மணிக்குள் அடுத்த ஊரிலிருந்து கூப்பிடுவேன், இந்த நேரத்தைத் தாண்டினால் போலீஸுக்குச் சொல்லுங்கள்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சாட்டிலைட் போனை வாடகைக்கு எடுக்கலாம். ஐபோன் 14-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசர உதவி கேட்கும் வசதி ஆஸ்திரேலியாவில் வேலை செய்கிறது.

குளிக்க, கழிப்பறை, கரண்ட் எல்லாம் எப்படி?

விழா இடம் ஒரு பெரிய மாட்டுப் பண்ணை நிலம். கரண்ட் கிடையாது, குளியலறை கிடையாது. தண்ணீர் நீங்களே கொண்டு போக வேண்டும். கழிப்பறைகள் உண்டு, தண்ணீர் ஊற்றாத, மரத்தூள் போடும் வகை. தன்னார்வலர்கள் அவற்றை ராப்பகலாகச் சுத்தம் செய்கிறார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் கணக்கு வையுங்கள். குடிக்க ஐந்து, மீதி சமையலுக்கும் உடம்பு துடைக்கவும். இது போக, வண்டி நடுவழியில் நின்றால் குடிக்கத் தனியாக இருபது லிட்டர் தொடாமல் இருக்கட்டும். பேர்ட்ஸ்வில் ஊருக்குத் தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. மேலே வரும்போது கிட்டத்தட்ட கொதிநிலையில், 98 டிகிரி சூட்டில் இருக்கும்; ஆற வைத்துத்தான் குழாயில் விடுகிறார்கள். நூறு பேர் ஊரில் பத்தாயிரம் பேர் போய்த் தண்ணீர் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குப்பையும் அப்படித்தான். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பாலைவனம்னா வெயில்தானே, ஸ்வெட்டர் எதுக்கு?

ஜூலையில் பகல் 20, 22 டிகிரி. இரவில் 6, 7-க்கு இறங்கும், சில இரவுகள் இன்னும் குறையும். முதல் முறை மெல்லிய போர்வை மட்டும் கொண்டு போய், விடிய விடிய உட்கார்ந்தே இருந்தோம். நல்ல ஸ்லீப்பிங் பேக், குல்லாய், காலுறை வேண்டும். பகலுக்கு அகலமான தொப்பி, சன்ஸ்கிரீன், ஈ மொய்க்காமல் முகத்துக்கு வலை. உட்கார மடக்கு நாற்காலி. தூசி எல்லாவற்றிலும் புகுந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் கையோடு கொண்டு போகும் மருந்தின் இருப்பை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

சமைத்துக்கொள்ளுங்கள். விழா இடத்தில் கடைகள் உண்டு, உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி ஏதாவது கிடைக்கும், ஆனால் மூன்று நாளும் அதையே சாப்பிட முடியாது. பேர்ட்ஸ்வில் பேக்கரி, ஒட்டகக்கறி வைத்துச் சுட்ட 'பை' (pie) என்ற பலகாரத்துக்குப் பெயர் போனது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் அதைத் தேடிப் போவார்கள். நாங்கள் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், அரிசி, சின்ன குக்கர், கேஸ் அடுப்போடு போனோம். காய்கறியைச் சார்லிவில்லில் வாங்கிவிடுங்கள். பேர்ட்ஸ்வில் டிராக் வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் திரும்புவதாக இருந்தால், பழ ஈ பரவாமல் இருக்கப் பழமும் பல காய்களும் எல்லை தாண்டக்கூடாது. அதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.

நம்ம ஆட்கள் யாராவது வருவாங்களா? ஒரு மாதிரி பார்ப்பாங்களோ?

எங்களைத் தவிர இன்னொரு தெற்காசியக் குடும்பத்தை மட்டும் பார்த்தேன். வருபவர்களில் பாதிக்கு மேல், ஓய்வு பெற்று கேரவனில் நாடு சுற்றும் வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள் மாதிரிதான் தெரிந்தார்கள். "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள், பிரிஸ்பேன் என்று சொன்னால் "அதற்கு முன்னால்?" என்றும் கேட்டார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தினால் அதுவும் நியாயம்தான். டயர் மாற்ற உதவியவர்களைப் பற்றி மேலே சொன்னேன். எங்கள் புளிசாதத்தைப் பக்கத்துக் கூடாரத்துப் பாட்டி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிற்பகலில் நட்புஷ் ஆட்டம் நடக்கும். டினா டர்னரின் பாட்டுக்கு இங்கே பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற வரிசை நடனம். 2023-ல் 5,838 பேர் ஒரே நேரத்தில் ஆடி உலக சாதனை செய்தோம். டினா டர்னர் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த ஆட்டத்தில் திரளும் பணம், விமானத்தில் போய் மருத்துவம் செய்யும் ராயல் ஃபிளையிங் டாக்டர் சேவைக்குப் போகிறது. ஸ்டெப் தெரியவில்லை என்று ஒதுங்கி நிற்காதீர்கள், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

அங்கே உடம்பு சரியில்லாம போனா?

விழாவில் முதலுதவி உண்டு, ஊரில் ஒரு கிளினிக் உண்டு. அதற்கு மேல் என்றால் ஃபிளையிங் டாக்டர் விமானம். 1928-ல் இதே மாநிலத்தில் குளோன்கரி ஊரில் தொடங்கிய சேவை அது. மருத்துவமனை இல்லாத இந்தப் பெரும்பரப்பில் பண்ணை வீடுகளும் நம்பியிருப்பது அதைத்தான். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த பெற்றோரைக் கூட்டிப் போனால், ஆம்புலன்சுக்கும் விமானத்தில் கொண்டு போவதற்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இதய நோய் உள்ள பெரியவர்களை நான் கூட்டிப் போக மாட்டேன்.

மழை பெய்ஞ்சா?

எல்லாத் திட்டமும் மாறும். அங்கே மண் களிமண். கொஞ்சம் நனைந்தாலே டயரில் சுற்றிக்கொள்ளும், சாலையை மூடிவிடுவார்கள். 2016-ல் மழையால் மணல்மேட்டருகே நடத்த முடியாமல் விழாவை ஊருக்கே மாற்ற வேண்டியதாயிற்று. தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும், வடக்கே பெய்த மழை பல வாரம் கழித்து, பேர்ட்ஸ்வில் பக்கம் ஓடும் டயமன்டினா ஆற்றில் வந்து சேரும்.

தினமும் காலையில் குயின்ஸ்லாந்து சாலை நிலவரத்தை 13 19 40 எண்ணில் கேளுங்கள், இல்லை இணையதளத்தில் பாருங்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு. நீங்கள் கிழித்துவிட்ட பாதையைச் சரிசெய்ய அந்தச் சின்னப் பஞ்சாயத்துக்கு மாதக்கணக்காகும். மேலே சொன்ன லீவுக் கணக்கில் ஒரு நாளைக் கூட்டிப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

வண்டி நடுவழியில நின்னுட்டா, பக்கத்து ஊருக்கு நடந்து போயிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் டிராக்கில் வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து நின்ற ஒரு குடும்பம் காரை விட்டுத் தண்ணீர் தேடி நடந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஐந்து பேருமே தாகத்தில் இறந்தார்கள். வண்டிக்குப் பக்கத்திலேயே இருங்கள். அதுதான் நிழல், அதுதான் வானத்திலிருந்து தேடுபவர் கண்ணில் படுவது. பானட்டைத் திறந்து வையுங்கள், தனியாக வைத்த இருபது லிட்டரை எடுங்கள், காத்திருங்கள். விழா நேரத்தில் அரை மணிக்குள் யாராவது வந்துவிடுவார்கள். மற்ற நாளில் அப்படி நினைக்காதீர்கள்.

அவ்வளவு தூரம் போய்ட்டு, அப்படியே சிம்சன் பாலைவனத்தையும் கடந்துடலாமே?

அது தனிப் பயணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். அனுமதிச் சீட்டு, குறைந்தது இரண்டு வண்டிகள், நல்ல அனுபவம் எல்லாம் வேண்டும். கோடையில் பாதையையே மூடிவிடுவார்கள். முதல் முறை போகிறவர்கள் பிக் ரெட் மேட்டில் காலால் நடந்து ஏறினால் போதும்.

இதெல்லாம் கேட்டா பயமா இருக்கு. சுலபமா வேற எதுவும் இல்லையா?

இருக்கிறது. இதே அமைப்பாளர்கள் ஆகஸ்டில் முண்டி முண்டி பாஷ் நடத்துகிறார்கள், நியூ சவுத் வேல்ஸில் புரோக்கன் ஹில் நகரத்தைத் தாண்டி, சில்வர்டன் பக்கத்தில். சிட்னியிலிருந்து சுமார் 1,150 கிலோமீட்டர், சில்வர்டன் வரை தார்ச்சாலை, உங்கள் கேம்ரி போகும். வாரம் ஒரு முறை சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில்லுக்கு ரயிலும் உண்டு. பேர்ட்ஸ்வில்லுக்கும் பேருந்தில் கூடாரம், சாப்பாடு சேர்த்துக் கூட்டிப் போகும் சுற்றுலா நிறுவனங்கள் இருக்கின்றன. தண்ணீர், குளிர், தூசி பற்றி மேலே சொன்னதெல்லாம் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் முண்டி முண்டி போங்கள். அங்கே மூன்று இரவு கூடாரத்தில் தாங்கினால், அடுத்த ஆண்டு பேர்ட்ஸ்வில்லுக்கு டயர் வாங்கலாம்.